களத்துமேட்டில் தேறிய அலகு

மாட்டுங்காவைத் தாண்டி சயான் நோக்கிப் போகும் அம்பேத்கர் சாலை, கிங்ஸ் சர்க்கிளில் மகேஸ்வரி உத்யான் என்ற வட்டப் பூங்காவைச் சுற்றிக்கொண்டு போகிறது. சுற்றிலும் உடுப்பி ஓட்டல்கள். கொஞ்சம் உள்ளே நடந்தால் பூக்கடைகள், வாழையிலைக் கட்டுகள், இட்லி அரிசி விற்கும் மளிகைக் கடைகள். கடைக்காரர் சாக்கில் குத்தூசியைச் செருகி, சரிந்து வரும் அரிசியை உள்ளங்கையில் ஏந்திக் காட்டும்போது நாலு மணி தரையில் சிந்தும். அந்த நாலு மணிக்காகக் காத்திருக்கும் ஒரு பறவையின் அலகைப் பற்றியது இந்த அத்தியாயம். அதிசய அலகு என்றால் நமக்கு வேறு பறவைகள்தான் நினைவுக்கு வரும். இங்கிருந்து சில கிலோமீட்டரில் உள்ள சிவ்ரி சேற்றுப்படுகைக்குக் குளிர்காலத்தில் வரும் பூநாரை, தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக வைத்து நீரை வடிகட்டுகிறது. இமயத்து ஊசியிலைக் காடுகளில் வாழும் குறுக்கலகுக் குருவிக்கு மேலலகும் கீழலகும் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று குறுக்கே கடந்து நிற்கின்றன. இந்த வரிசையில் ஊர்க்குருவியை யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்பது மட்டுமல்ல, அதைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்பது என் வாதம். மற்ற அலகுகளுக்கெல்லாம் வடிவம் கொடுத்தவை காட்டிலும் கடலிலும் தாமே விளைந்த பொருள்கள். ஊர்க்குருவியின் அலகுக்கு வடிவம் கொடுத்தது, மனிதன் உழுது விதைத்து அறுத்துச் சேர்த்த தானியம்.

வாதத்துக்குள் போகுமுன் அலகைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய நீளம், அடியில் தடித்து நுனியில் கூர்ந்த கூம்பு. பார்வைக்கு ஒன்றுமில்லை. குருவி ஒரு நெல்மணியை எடுத்தவுடன் என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மணியை அது விழுங்குவதில்லை. நாக்கு மணியை ஓரமாகத் தள்ளி, மேலலகின் உட்புறத்தில் உள்ள பள்ளத்தில் பொருத்துகிறது. கீழலகின் கூரான விளிம்பு எழும்பி அழுத்த, உமி பிளக்கிறது. நாக்கு மணியைப் புரட்டிக் கொடுக்க, உமி கழன்று அலகின் ஓரமாக உதிர்கிறது, பருப்பு உள்ளே போகிறது. உலக்கையும் உரலும் முறமும் சேர்ந்து செய்யும் வேலை அலகுக்குள் ஒரு நொடிப்பொழுதில் முடிந்துவிடுகிறது. இதற்காகவே ஊர்க்குருவியின் குடும்பத்துக்கு நாக்கில் கூடுதலாக ஒரு சிறிய எலும்பு உண்டு. மணியைப் பிடித்து அழுத்தும்போது நாக்கு துவளாமல் அது தாங்குகிறது. அதே மணியைப் புறா எடுத்தால் உமியோடு அப்படியே விழுங்கிவிடும். அரைக்கும் வேலை வயிற்றிலுள்ள அரைவைப் பைக்கு. அதனால் புறாவுக்கு மெல்லிய, வலுவற்ற அலகே போதும். தாதர் கபூத்தர்கானாவில் வாரி இறைத்த தானியத்தில் புறாக்கள் மொய்த்ததும், மளிகைக் கடை வாசலில் குருவி ஒவ்வொரு மணியாக உடைப்பதும் ஒரே உணவை உண்ணும் இருவேறு வழிகள். ஒன்றுக்கு வயிறு ஆலை, மற்றொன்றுக்கு வாயே ஆலை.

இத்தகைய கூம்பு அலகை ஆங்கிலேயப் பறவையியலாளர்கள் ‘பிஞ்ச்’ இன அலகு என்றார்கள். பழைய நூல்களில் ஊர்க்குருவியும் தூக்கணாங்குருவியும் சில்லையும் ஒரே குடும்பத்தில், நெசவுப் பிஞ்ச்சுகள் என்ற பெயரில் கிடந்தன. இன்று அவை மூன்றும் தனித்தனிக் குடும்பங்கள். உண்மையான பிஞ்ச்சுகள் நான்காவது குடும்பம். தாராவியை ஒட்டி, பழைய குப்பைமேட்டின் மேல் எழுந்த மகாராஷ்டிரா இயற்கைப் பூங்காவின் புல்வெளியில் ஒரு புள்ளிச் சில்லை புல்தண்டைப் பற்றித் தொங்கி விதை கொறிப்பதைப் பார்ப்பவருக்கு, அதுவும் ஊர்க்குருவியும் பங்காளிகள் என்றே தோன்றும். அலகு அப்படி ஒத்திருக்கிறது. ஆனால் அந்த ஒற்றுமை பிறப்பால் வந்ததல்ல, தொழிலால் வந்தது. விதை உடைத்துப் பிழைக்கிற பறவை எந்தக் குடும்பத்தில் பிறந்தாலும் அதன் அலகு நாளடைவில் கூம்பாகிவிடுகிறது. கொல்லனும் தச்சனும் எந்த ஊரில் பிறந்தாலும் அவர்கள் கைச் சுத்தியல் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பது போல. எனவே ஓர் அலகைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது யாருடைய வாரிசு என்பதல்ல. எதைத் தின்பதற்காக இப்படி ஆனது என்பதே.

அந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான பதில் சொல்வது குறுக்கலகுக் குருவி. உண்மையான பிஞ்ச் குடும்பத்தைச் சேர்ந்த இதன் அலகு ஊனம் போலத் தெரியும். குஞ்சு பிறக்கும்போது அலகு நேராகத்தான் இருக்கும். கூட்டை விட்டு வெளியேறிய பிறகே நுனிகள் ஒன்றையொன்று கடக்கத் தொடங்கும். சிலவற்றில் கீழலகு இடப்பக்கம், சிலவற்றில் வலப்பக்கம். 1991-இல் கிரேக் பெங்க்மன் என்ற ஆய்வாளரும் அவரது சக ஆய்வாளரும் செய்த சோதனை எளிமைக்குப் பேர்போனது. கூண்டில் வளர்த்த பறவைகளின் அலகு நுனியில் குறுக்கே கடந்த பகுதியை மட்டும் நகவெட்டியால் நறுக்கினார்கள். நம் நகம் போலவே அதற்கும் வலி கிடையாது, மீண்டும் வளரும். நறுக்கிய பறவைகளுக்கு, காய்ந்து விரிந்த ஊசியிலை மரக் கூம்பிலிருந்து விதை எடுப்பதில் சிரமமே இல்லை. செதில் மூடிய பச்சைக் கூம்பைக் கொடுத்தபோதுதான் திணறின. நுனி வளர வளரத் திறமையும் திரும்பி வந்தது. ஆக, அந்தக் கோணல் எதற்கு என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. மூடிய செதில்களுக்கு இடையில் நுழைந்து நெம்புவதற்கு. ஊசியிலை மரம் தன் விதையைக் காக்கப் போட்ட பூட்டுக்கு, பறவை செய்துகொண்ட கள்ளச்சாவி அது.

இதே கேள்வியை ஊர்க்குருவியிடம் கேட்டால் பதில் எங்கே போய் முட்டுகிறது? அது உடைக்கும் கோதுமையும் வாற்கோதுமையும் நெல்லும் காட்டில் இந்த வடிவில் கிடையாது. காட்டுப் புல்லின் விதை சிறியது, முற்றியதும் தானே உதிர்ந்து சிதறிவிடும். உதிராத கதிரையும் பருத்த மணியையும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து விதைத்தவன் உழவன். ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில், குதிரிலும் களத்திலும், பெரிய மணிகள் குவிந்து கிடப்பது பூமியின் வரலாற்றிலேயே புதிய நிலைமை. மேற்கு ஆசியாவின் பிறைநிலப் பகுதியில் ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் அது தொடங்கியது. அந்தக் குவியலுக்கு முதலில் வந்து சேர்ந்த விருந்தாளிகளில் எலியும் குருவியும் உண்டு.

இங்கே ஒரு சாட்சி தேவை. வேளாண்மையை அண்டாமல் பழைய வாழ்க்கையையே தொடர்ந்த ஊர்க்குருவி எங்கேனும் இருந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். மும்பைப் பறவையியலில் இதற்கு ஒரு பழைய உறவினர் நினைவுக்கு வருவார். சிறுவன் சாலிம் அலி காற்றுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி, இது என்ன பறவை என்று கேட்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லர்டிடம் கொண்டுபோன மஞ்சள் தொண்டைச் சிட்டு. இந்தியப் பறவையியலின் பெரும்பகுதி அந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைத்தது. அந்தச் சிட்டின் அலகு ஊர்க்குருவியின் அலகைவிட மெலிந்து நீண்டது. மரங்கள் அடர்ந்த இடங்களில் வாழ்கிறது, பூவின் தேனையும் உறிஞ்சுகிறது. ஆனாலும் வழக்குக்கு அது வலுவான சாட்சியல்ல. தூரத்துச் சொந்தம், பேரினமே வேறு. அலகு வேறுபட ஆயிரம் காரணம் இருக்கலாம். நமக்கு வேண்டியது உடன்பிறந்தவரின் சாட்சியம்.

அப்படி ஒன்று இருக்கிறது. கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பகுதிகளில் ‘பாக்ட்ரியானஸ்’ என்ற பெயருள்ள ஊர்க்குருவித் துணையினம் வாழ்கிறது. பெயர்தான் ஊர்க்குருவி. ஊரை அது அண்டுவதில்லை. ஆற்றங்கரைப் புதர்களிலும் மரங்களிலும் கூடு கட்டி, காட்டுப் புல்விதைகளை உண்டு வாழ்கிறது. மனிதரைக் கண்டால் அஞ்சுகிறது. நம் வீட்டுக் குருவி பிறந்த இடத்தைவிட்டு நகராது. இதுவோ குளிர்காலத்தில் பாகிஸ்தானுக்கும் நம் வடமேற்குச் சமவெளிக்கும் வலசை வருகிறது. இந்த இரண்டின் மண்டையோட்டையும் அலகையும் அளந்து ஒப்பிட்ட ஆய்வு 2013-இல் வெளிவந்தது. மனிதரோடு வாழும் குருவிகளின் அலகும் மண்டையோடும் பாக்ட்ரியானஸுடையதைவிடத் தடித்தவை, உறுதியானவை. பெரிய, கடினமான மணியை உடைக்க ஏற்றவை. 2018-இல் மார்க் ராவினெட்டும் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் கிளென்-பீட்டர் சேத்ரேயும் சேர்ந்த குழு, இவற்றின் முழு மரபணுத் தொகுதியையும் படித்தது. இரண்டும் பிரிந்த காலம் ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் என்று கணக்கு வந்தது. உழவு தொடங்கிய காலமும் அதுவே.

அந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. மனிதரோடு வாழும் குருவிகளின் மரபணுத் தொகுதியில், இயற்கைத் தேர்வு அழுத்தமாகக் கைவைத்த தடம் ஒரு பகுதியில் தெரிந்தது. அங்கே அருகருகே இரண்டு மரபணுக்கள். ஒன்று மண்டை, முக எலும்புகளின் வளர்ச்சியோடு தொடர்புடையது. மனிதரில் அதன் வகை பழுதானால் முக அமைப்பு மாறும் நோய்கள் வருகின்றன. மற்றொன்று மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் என்ற நொதியோடு தொடர்புடையது. இந்த இரண்டாவது மரபணு நமக்குப் பழக்கமான வீட்டுக்காரர். ஓநாயிலிருந்து நாய் பிரிந்து வந்தபோதும் அமிலேஸ் மரபணுவில்தான் மாற்றம் ஏற்பட்டது என்று 2013-இல் கண்டறிந்தார்கள். மனிதரின் உமிழ்நீரிலும் அந்த நொதி தாராளமாகச் சுரக்கிறது. இட்லியையும் சோற்றையும் செரிக்கும் கலையை மனிதனும் நாயும் குருவியும் ஒரே பந்தியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்கின்றன. உடைக்கும் அலகும் செரிக்கும் குடலும் சேர்ந்து மாறியிருக்கின்றன என்பதுதான் இந்தச் சாட்சியத்தின் வலு. ஒன்று மட்டும் மாறியிருந்தால் தற்செயல் என்று தள்ளிவிடலாம்.

இனி மறுப்புகள். முதல் மறுப்பு இது. குருவிக்குத் தடித்த அலகு முன்பே இருந்தது, அதனால்தான் அது தானியத்தைத் தேடி வந்தது, தானியம் அலகைச் செய்யவில்லை, அலகுதான் தானியத்தைக் கண்டுபிடித்தது. இதில் பாதி உண்மை. விதை உடைக்கும் அலகு இந்தக் குடும்பத்தின் பழைய சொத்து, அது இல்லாமல் களத்துமேட்டுக்கு வந்திருக்கவே முடியாது. ஆனால் பாக்ட்ரியானஸுக்கும் அதே பழைய சொத்து கிடைத்திருக்கிறது. கேள்வி, சொத்து யாரிடமிருந்து வந்தது என்பதல்ல, பாகம் பிரிந்த பிறகு யார் அதை எப்படி வளர்த்தார்கள் என்பது. உடனே இன்னொரு ஐயம் எழும். ஊரில் இருந்த குருவிதான் காட்டுக்குத் திரும்பி மெலிந்ததோ? அப்படி நடந்திருந்தால் தேர்வின் தடம் காட்டுக் குருவியிடம் இருந்திருக்க வேண்டும். தடம் ஊர்க்குருவியின் பக்கம் தெரிகிறது. பிற குருவியினங்களையும் சேர்த்துப் பார்த்தபோதும் பாக்ட்ரியானஸின் வாழ்க்கையே பழைய வாழ்க்கை என்றுதான் ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள்.

இரண்டாவது மறுப்பு நுட்பமானது. அலகின் மேலுறை நம் நகத்தைப் போன்ற கெரட்டின், தேயத் தேய வளர்ந்துகொண்டே இருப்பது. கடின விதை உண்ணும் பருவத்தில் தேய்ந்து குட்டையாகும், பூச்சி உண்ணும் பருவத்தில் நீளும். ஆணின் அலகு இனப்பெருக்கக் காலத்தில் கறுத்துப் பிறகு வெளிறுகிறது. இவ்வளவு மாறுகிற உறுப்பை அளந்து பரிணாமம் என்று சொல்லலாமா? தச்சனின் உள்ளங்கைக் காய்ப்பைப் பார்த்து அவன் பரம்பரையே காய்ப்போடு பிறக்கிறது என்று சொல்வது போலாகாதா? இந்த எச்சரிக்கை நியாயமானது. அலகின் நீளத்தை மட்டும் வைத்து வாதாடினால் வழக்கு தோற்கும். ஆனால் எலும்பு தேய்வதில்லை. மேலுறைக்குள் இருக்கும் எலும்புச் சட்டமும் மண்டையோடும் வேறுபட்டிருக்கின்றன. மரபணுவோ எதை உண்டாலும் எழுத்து மாறாது. இங்கே அடக்கமாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. தேர்வின் தடம் தெரியும் இடத்தில் ஒரு மரபணு இருப்பதாலேயே மாற்றத்துக்கு அதுதான் காரணம் என்று தீர்ப்பெழுத முடியாது. அந்த இரண்டு மரபணுக்களும் சம்பவ இடத்தில் பிடிபட்டவை. குற்றம் முழுவதுமாக நிரூபணமாகவில்லை. நான் நம்பியிருப்பது அவற்றை மட்டுமல்ல. எலும்பு, மரபணு, வாழிடம், காலக்கணக்கு ஆகிய நான்கும் ஒரே திசையைக் காட்டுவதை.

மூன்றாவது மறுப்பு காலத்தைப் பற்றியது. பரிணாமம் கோடி ஆண்டுக் கணக்கில் நடப்பது, 11,000 ஆண்டில் அலகு மாறுமா? இதற்குப் பதில் சொல்ல கலபகோஸ் தீவுகளுக்குப் போக வேண்டும். அங்குள்ள டாப்னி மேஜர் என்ற சின்னஞ்சிறு எரிமலைத் தீவில் பீட்டர் கிராண்டும் ரோஸ்மேரி கிராண்டும் 1973 முதல் ஒவ்வொரு பிஞ்ச்சாகப் பிடித்து, காலில் வளையமிட்டு, அலகை அளந்துவந்தார்கள். 1977-இல் மழை பொய்த்தது. சிறு விதைகள் தீர்ந்தன. மிச்சமிருந்தவற்றில் முக்கியமானது நெருஞ்சி. நம் ஊர் வரப்பில் செருப்பில்லாத காலைப் பதம்பார்க்கும் நெருஞ்சியின் உறவுச்செடி. முள்ளும் ஓடுமாக இருக்கும் அந்தக் காயை உடைக்க முடிந்த பறவை பிழைத்தது, முடியாதது மடிந்தது. நடுத்தரத் தரைப் பிஞ்ச்சுகளில் பெரும்பாலானவை இறந்தன. வறட்சிக்கு முன் சராசரி அலகுத் தடிமன் 9.42 மில்லிமீட்டர். பிழைத்தவற்றில் 9.96. வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே இருந்தது அரை மில்லிமீட்டர். அலகின் தடிமன் பெற்றோரிடமிருந்து குஞ்சுக்குப் போவதால் அடுத்த தலைமுறையும் தடித்த அலகோடு பிறந்தது. ஒரே ஒரு பஞ்சம் இவ்வளவு செய்ய முடியுமானால், ஆயிரக்கணக்கான அறுவடைகள் என்ன செய்யாது?

அது தீவு, அது பஞ்சம், ஊர்க்குருவிக்கு அது பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு ஊர்க்குருவியே பதில் வைத்திருக்கிறது. 1850-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஐரோப்பியக் குருவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை வட அமெரிக்கா முழுவதும் பரவின. 1964-இல் ரிச்சர்ட் ஜான்ஸ்டனும் ராபர்ட் செலாண்டரும் கண்டம் முழுவதிலும் இருந்து சேகரித்த குருவிகளை ஒப்பிட்டு, இடத்துக்கு இடம் நிறத்திலும் உடலளவிலும் அலகிலும் அவை வேறுபட்டுவிட்டதைக் காட்டினார்கள். ஒரு நூற்றாண்டை ஒட்டிய காலம், அவ்வளவுதான். மனிதர் கொடுக்கும் உணவுக்கே அலகு வளைந்துகொடுக்கும் என்பதற்கும் சான்று உண்டு. அரிசோனாவின் டூசான் நகரில் வீட்டுப் பிஞ்ச் என்ற பறவைக்கு மக்கள் தட்டில் சூரியகாந்தி விதை வைக்கிறார்கள். அந்த நகரத்துப் பறவைகளின் அலகு அருகிலுள்ள பாலைநிலப் பறவைகளின் அலகைவிடப் பெரிதாகி, கடிக்கும் விசையும் கூடியிருப்பதை அலெக்சாண்டர் பத்யாயெவின் குழு 2008-இல் வெளியிட்டது. அலகு மாறியதால் பாட்டின் வேகமும் மாறியிருக்கிறது. கலபகோஸிலேயே சாந்தா குரூஸ் தீவில் நேர்எதிராக ஒன்று நடந்தது. அங்கே ஊரை ஒட்டி வாழ்ந்த பிஞ்ச்சுகளில் முன்பு பெரிய அலகுக் கூட்டம், சிறிய அலகுக் கூட்டம் என்று இரண்டு பிரிவு தெளிவாக இருந்தது. மக்கள்தொகை பெருகி, சோறும் தின்பண்டமும் தாராளமாகச் சிந்தத் தொடங்கிய பிறகு அந்தப் பிரிவு மங்கிவிட்டது என்று ஆண்ட்ரூ ஹென்ட்ரியின் குழு 2006-இல் காட்டியது. எந்த அலகுக்கும் வயிறு நிறையும்போது எந்த அலகும் தோற்பதில்லை. மனிதனின் தட்டு அலகைக் கூராக்கவும் செய்யும், வேறுபாட்டை அழிக்கவும் செய்யும்.

தமிழரிடம் இதற்கு ஒரு பழைய ஆவணம் இருக்கிறது. குறுந்தொகையின் 46-ஆம் பாட்டில், மாமலாடன் என்ற புலவர் மாலை நேரத்து வீடொன்றைக் காட்டுகிறார். வாடிய ஆம்பல் பூவைப் போன்ற சிறகுள்ள குருவி, முற்றத்தில் காயவைத்த தானியத்தைத் தின்றுவிட்டு, பொது இடத்துப் புழுதியைக் குடைந்து விளையாடி, வீட்டு இறவாரத்தில் தன் குஞ்சுகளோடு ஒடுங்குகிறது. காதலைச் சொல்ல வந்த பாட்டு அது. அறிவியல் கண்ணோடு படித்தால் கள ஆய்வுக் குறிப்பு. உணவு, புழுதிக் குளியல், கூடு கட்டும் இடம் மூன்றும் சரியாகப் பதிவாகியிருக்கின்றன. மூன்றுமே மனிதன் கட்டிய வீட்டுக்குள்ளும் வாசலிலும் ஊர்ப் பொதுவிலும் அடங்கியிருக்கின்றன. அந்தக் காலத்துக்குள்ளேயே ஊர்க்குருவிக்குக் காடு என்ற முகவரி இல்லாமல் போய்விட்டது. ஊர்க்குருவி என்ற பெயரே அதற்குச் சாட்சி. உயிரினத்துக்கு வாழிடத்தால் பெயரிடும்போது மலை, நீர், காடு என்று வைப்போம். இதற்கு ஊர் என்று வைத்தோம்.

கடைசி மறுப்பு எல்லாவற்றையும்விடக் கனமானது. ஊர்க்குருவியின் அலகு நம் தானியத்துக்கு இவ்வளவு பொருந்தியதென்றால், தானியம் மலிந்த மும்பையில் அது ஏன் அருகுகிறது? 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஊர்க்குருவியின் எண்ணிக்கை நிலையாகவே இருக்கிறது, மும்பை, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குறைகிறது என்றது. இது என் வாதத்தைக் கவிழ்ப்பதில்லை, கூர்மையாக்குகிறது. அலகு பொருந்தியது தானியத்துக்கு அல்ல, சிந்தும் தானியத்துக்கு. முற்றத்தில் உலர்த்தாத, முறத்தில் புடைக்காத, ஆலையிலிருந்து நெகிழிப் பையில் அடைத்து நேராகச் சமையலறைக்கு வரும் அரிசியில் குருவிக்குப் பங்கில்லை. மஸ்ஜித் பந்தரை ஒட்டிய டாணா பந்தரின் மொத்தத் தானிய வணிகம் 1990-களில் வாஷிக்கு இடம்பெயர்ந்தது. நகரத்தின் நடுவிலிருந்த ஒரு பெரிய களம் அதோடு கலைந்தது. அதைவிட முக்கியமான ஒன்று, தடித்த அலகு வளர்ந்த பறவையின் கருவி. குஞ்சுக்கு அது பயன்படாது. கூட்டில் இருக்கும் குஞ்சுக்கு முதல் நாள்களில் தேவை புழுவும் பூச்சியும். புதரும் செடியும் போய்க் கண்ணாடிச் சுவரும் காங்கிரீட்டும் வந்த இடத்தில், தாய்க்குத் தானியம் கிடைத்தாலும் குஞ்சுக்குப் பூச்சி கிடைக்காது. ஓட்டு இறவாரமும் சுவர்ப் பொந்தும் போனதால் கூடு வைக்கவும் இடமில்லை. செல்போன் கோபுரத்தின் கதிர்வீச்சுதான் காரணம் என்று பரவலாகச் சொல்கிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்று அதே அறிக்கை சொல்கிறது. கண்ணுக்குத் தெரியும் காரணங்கள் மூன்று இருக்கும்போது தெரியாத கதிரைத் தேடிப் போக வேண்டியதில்லை.

பாக்ட்ரியானஸுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. மனிதர் இருந்தாலும் போனாலும் அதற்குப் புல்விதை உண்டு. நம் குருவி அந்த வழியை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. மனிதர் கைவிட்டுப் போன குடியிருப்புகளிலிருந்து ஊர்க்குருவியும் நாளடைவில் மறைவது இதனால்தான். ஒன்றில் தேர்ந்தவருக்கு மற்றது கைநழுவும். மூடிய கூம்பைத் திறக்கத் தெரிந்த குறுக்கலகு, பைன் விளையாத ஆண்டில் காட்டுக்குக் காடு அலைகிறது. நம் குருவி அலைவதுமில்லை. நாம் வளர்ப்புப் பிராணி என்று ஆட்டையும் மாட்டையும் கோழியையும் சொல்கிறோம், அவற்றுக்குக் கொட்டில் கட்டுகிறோம். ஊர்க்குருவியை யாரும் வளர்க்கவில்லை, யாரும் அதன் அலகைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆயினும் அதன் எலும்பிலும் குடலிலும் நம் உழவின் கைரேகை இருக்கிறது. காட்டுயிர் என்றும் சொல்ல முடியாமல், வளர்ப்புயிர் என்றும் சொல்ல முடியாமல், இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஓர் உயிர். அதன் அலகை அதிசய அலகுகளின் வரிசையில் முதலில் வைத்ததற்கு இதுவே காரணம்.

கிங்ஸ் சர்க்கிளிலோ உங்கள் தெருமுனையிலோ ஓர் ஊர்க்குருவியைப் பார்த்தால் அலகைக் கவனியுங்கள். ஆண் குருவியின் அலகு கன்னங்கரேலென்று இருந்தால் அது குஞ்சு பொரிக்கும் காலம், பக்கத்தில் எங்கோ கூடு இருக்கிறது என்று பொருள். குருவிக்காக நெற்கதிர்க் குஞ்சத்தை வாசலில் கட்டுவது நல்ல வழக்கம், விட வேண்டாம். ஆனால் குஞ்சு பொரிக்கும் நாள்களில் குருவிக்கு அதைவிடத் தேவையானது, பூச்சிமருந்து அடிக்காத ஒரு செடி.